நெல்லை வெயிலும் 60 லிட்டர் கடல்நீர் தொட்டியும்

சித்திரை பிறந்துவிட்டால் பாளையங்கோட்டை, தாழையூத்துப் பக்கம் கடல்நீர் தொட்டி வைத்திருப்பவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கிற மெஷின்) வாங்கணுமா? 50, 60 லிட்டர் தொட்டிக்குப் பெரும்பாலும் வேண்டாம், ஃபேன் போதும். ஆனால் அது ஏன் வேலை செய்கிறது என்று தெரியாமல் மாட்டினால், வெயிலுக்குத் தப்பிய தொட்டி உப்பில் போய்ச் சிக்கும்.

இங்கே பேசுவது மென்பவளங்கள், அனிமோன், சின்ன மீன்கள் உள்ள தொட்டியைப் பற்றி மட்டும். கல்பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கின்றன. தூத்துக்குடிக் கரையில் கிடக்கிற செத்த துண்டானாலும் எடுத்து வராதீர்கள்.

தண்ணீர் 25, 26 டிகிரியில் இருந்தால் நிம்மதி. மெதுவாக ஏறி மெதுவாக இறங்கினால் 28 வரைக்கும் பாதகமில்லை. 30 தாண்டினால், பவளத்தின் உடம்புக்குள் இருந்துகொண்டு அதற்குச் சோறு போடுகிற நுண்பாசி வெளியேற ஆரம்பிக்கும். வெளுப்பு என்பது அதுதான். மன்னார் வளைகுடாவிலேயே 2010, 2016 கோடைகளில் பவளங்கள் வெளுத்தன. கடலுக்கே அந்தக் கதி என்றால் 60 லிட்டர் எம்மாத்திரம்?

மீன் சாவது பெரும்பாலும் சூட்டால் இல்லை, மூச்சு முட்டித்தான். ஒரு லிட்டர் கடல்நீர் 25 டிகிரியில் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் 6.2 தான். சூடு ஏற ஏற மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் தேவை கூடிக்கொண்டே போகும். விளக்கை அணைத்தபிறகு பாசியும் பவளமும்கூட ஆக்ஸிஜனை இழுக்கும். அதனால் மதியம் தாக்குப்பிடித்த மீன் விடியற்காலையில் அடியில் கிடக்கும்.

ஃபேன் விஷயத்துக்கு வருவோம். மண்பானைத் தண்ணீர் குளிர்வது மாதிரிதான் இதுவும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். ஒரு நாளில் ஒரு லிட்டர் ஆவியானால், 24 மணி நேரமும் 28 வாட் சூட்டை வெளியே தள்ளியதற்குச் சமம். சின்னத் தொட்டியில் தண்ணீரைச் சுற்றவிடுகிற ரிட்டர்ன் பம்பும் அலை கிளப்புகிற வேவ்மேக்கரும் தண்ணீருக்குள் விடுகிற சூடு 15 வாட் அளவில்தான் இருக்கும். மீதி, விளக்குக்கும் அறைச் சூட்டுக்கும். காற்று காய்ந்திருக்கும்வரை இந்தக் கணக்கு பலிக்கும். திருநெல்வேலி டவுனில் மே மாத மதியக் காற்று காய்ந்த காற்று, அங்கே ஃபேன் இரண்டு மூன்று டிகிரி இறக்கிவிடும். உவரி, திருச்செந்தூர் மாதிரி கடலோரத்தில் காற்றே ஈரம். அங்கே ஃபேனை நம்பாதீர்கள்; அறைக்கு ஏசி, இல்லையென்றால் சில்லர். சில்லர் வைத்தால் அது கக்குகிற அனல் அதே அறைக்குள் சுற்றாதபடி வையுங்கள்.

12 வோல்ட், 120 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டு போதும். நீர்மட்டத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் மேலே, சாய்வாக, காற்று தண்ணீரை உரசிக்கொண்டு போகிற மாதிரி மாட்டுங்கள். கண்ணாடி மூடி இருந்தால் இத்தனையும் வீண். அதை எடுத்துவிட்டு வலை போடுங்கள், ஃபயர்ஃபிஷ், ராஸ் மாதிரி மீன்கள் துள்ளி வெளியே விழும். எஸ்டிசி-1000 மாதிரி ஒரு வெப்பநிலை கன்ட்ரோலரில் 26.5 என்று வைத்து, வித்தியாசம் 0.5 கொடுத்தால் 27ல் ஃபேன் ஓடும், 26.5ல் நிற்கும். அதன் சென்சார் நீரோட்டம் உள்ள இடத்தில் இருக்கணும். வயரைத் தொங்கலாக விட்டு பிளக்குக்குக் கொண்டுபோங்கள். உப்புத்தண்ணீர் வயர் வழியாக வழிந்து சாக்கெட்டுக்குள் இறங்கக்கூடாது. மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத லைனில் கடல்நீர் தொட்டியே வைக்காதீர்கள்.

ஹீட்டரைப் பங்குனியிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். அதன் தெர்மோஸ்டாட் பழசாகி, தொடுமுனை ஒட்டிக்கொண்டால் நிற்காமல் ஓடும். 50 வாட் ஹீட்டர் 60 லிட்டரை மணிக்கு அரை டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும். வெயில்மேல் பழி போட்ட பல தொட்டிகளில் உண்மையான குற்றவாளி இதுதான்.

விளக்கை இரவில் ஓட்டச் சொல்வார்கள். மொட்டைமாடிக்குக் கீழ் அறையாக இருந்தால் அது சரிவராது. தளம் வாங்கி வைத்த சூட்டை ராத்திரி பத்து மணி வரைக்கும் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். காலை 5 முதல் 11 வரை ஓட்டிப் பாருங்கள். அறை குளிர்ந்திருக்கிற நேரம் அது. ஆக்ஸிஜன் அடிமட்டத்தில் இருக்கும் வேளையில் பாசியும் வேலையைத் தொடங்கிவிடும். மேற்குச் சுவர் ஓரம் தொட்டியே வேண்டாம்.

இனி உப்பு. ஃபேன் ஓடுகிற தொட்டியில் தினம் ஒன்றரை லிட்டர் குறைவது சகஜம். தண்ணீர்தான் போகும், உப்பு அங்கேயே நிற்கும். இரண்டு நாள் ஊற்ற மறந்தால் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உப்பு, கிட்டத்தட்ட 37 ஆகிவிடும். குறைந்ததற்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்றணும், டிடிஎஸ் (கரைந்திருக்கிற தாது, உப்பின் அளவு) பூஜ்யத்தை ஒட்டி இருக்கணும். கேன் தண்ணீரில் தாது சேர்த்திருப்பார்கள், மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். போர் தண்ணீர் கூடவே கூடாது. குறைந்த தண்ணீரைத் தானே ஊற்றுகிற ஆட்டோ டாப்-அப் வைத்தால் அதன் வாளி 5 லிட்டருக்கு மேல் வேண்டாம். மிதவை சிக்கிக்கொண்டு மொத்தமும் உள்ளே போனாலும் 32க்குக் கீழே இறங்காது. 20 லிட்டர் கேனை மாட்டியிருந்தால் நினைத்துப் பாருங்கள்.

பணகுடி, வள்ளியூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று: ஆடிக்காற்றில் சூடு குறைந்தாலும் ஆவியாவது குறையாது. தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், உப்பை அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டரையும் பாருங்கள்.

ஏற்கனவே 31, 32க்குப் போய்விட்டதா? விளக்கை அணையுங்கள். வேவ்மேக்கரை மேல்நோக்கித் திருப்பி நீர்ப்பரப்பைக் கலக்குங்கள், ஏர் ஸ்டோன் போடுங்கள். குளிர்விப்பது அதற்கு அடுத்துதான். ஆர்ஓ தண்ணீரை முக்கால் பங்கு நிரப்பி உறையவைத்த அரை லிட்டர் பாட்டில் ஒன்று, 60 லிட்டரைச் சுமார் முக்கால் டிகிரி இறக்கும். லேபிளையும் பசையையும் சுரண்டி எடுத்துவிட்டு மிதக்கவிடுங்கள். தொட்டி விளிம்பு வரை இருந்தால் முதலில் அரை லிட்டர் எடுத்துவிடுங்கள். மணிக்கு ஒரு பாட்டில், அதற்கு மேல் வேண்டாம். ஐஸ் கட்டியை நேராகக் கொட்டவே கூடாது. 28 வந்ததும் நிறுத்துங்கள். அன்றைக்கே 25ஐப் பிடிக்க நினைத்தால், சூட்டில் பிழைத்தது குளிரில் போகும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பேப்பரில் வந்துவிட்டால், முந்தின ராத்திரியே நான்கு பாட்டில் ஃப்ரீசருக்குள் போகணும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் எப்போதும் இருக்கட்டும். இன்வெர்ட்டர் இருந்தால் வேவ்மேக்கரையும் ஃபேனையும் மட்டும் அதில் கொடுங்கள்.

தொட்டி சூடேறி இறங்கிய மறுநாள் காலை பாறை இடுக்கில் செத்த நத்தை இருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்று அழுகினால் போதும், அம்மோனியா ஏறிவிடும். ஒரு வாரம் தினமும் டெஸ்ட் கிட்டில் பாருங்கள். 0.25 பிபிஎம் காட்டினாலே 15, 20 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள், புதுத் தண்ணீரும் அதே சூடு, அதே உப்பு. நொந்துபோன மென்பவளங்கள் விஷம் கக்கும் என்பதால் ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். சோவாந்திட் (விஷமுள்ள, பட்டன் மாதிரி பவள வகை) இருந்தால் கையுறை இல்லாமல் கை விடாதீர்கள்.

வெளுத்ததை அவசரப்பட்டுத் தூக்கிப் போடவேண்டாம். சதை வெள்ளையாக இருந்தாலும், தொட்டால் சுருங்கினால் உயிர் இருக்கிறது. விளக்கைப் பாதியாகக் குறைத்து இரண்டு வாரம் விடுங்கள், பிறகு வாரத்துக்குப் பத்து சதவீதமாக ஏற்றுங்கள். வாரம் இரண்டு தடவை பொடி உணவு கொஞ்சமாகக் கொடுங்கள். நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம். லெதர் பவளம் மெழுகு மாதிரி தோலுரிப்பது பெரும்பாலும் பிழைக்கிற அறிகுறி. அனிமோன் அப்படியில்லை. வாய் பிளந்து, கரைந்து, நாற்றம் வந்துவிட்டால் அன்றைக்கே வெளியே எடுங்கள், அது ஒன்றே மொத்தத் தொட்டியையும் கெடுத்துவிடும்.