விடுமுறை வாரத்தில் ஒரு காலிகோ நோட்டு

புத்தகம் கட்டுவதில் கைக்கு வேலை மொத்தமே ஐந்தாறு மணி நேரம்தான். மிச்சமெல்லாம் பசை காயக் காத்திருப்பது. சாதாரண வார இறுதியில் உட்கார்ந்தால் அந்தக் காத்திருப்பு பொறுக்காமல் பாதி ஈரத்திலேயே அட்டையைத் திறந்து பார்ப்போம். காரியம் அங்கேயே கெட்டுவிடும். வெளியே போக மனம் வராத குளிர்கால விடுமுறை இதற்கென்றே அமைந்தது. மேசையை நாலு நாள் யாரும் கேட்காமல் இருந்தால் போதும். நாளுக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொண்டால், ஏ5 அளவில் 128 பக்கத்தில், நூலால் தைத்து, காலிகோ எனும் பருத்தித் துணி போர்த்திய கெட்டி அட்டை நோட்டு ஒன்று நிதானமாகத் தயாராகிவிடும்.

முதலில் தாள். இங்கே தவறினால் பிறகு எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் பிரயோஜனமில்லை. இயந்திரத்தில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். ஈரம் பட்டால் நார் பக்கவாட்டில் பருக்கும், நீளத்தில் அவ்வளவாக மாறாது. அதனால் தாளும் இழையோட்டத்துக்குக் குறுக்கேதான் விரியும், குறுக்கேதான் சுருங்கும். தாள், அட்டை, துணி, எண்ட் பேப்பர் (புத்தகத்தை அட்டையின் உள்பக்கத்தோடு இணைக்கும் தாள்) எல்லாவற்றிலும் இழை முதுகுக்கு இணையாக, தலையிலிருந்து காலுக்கு ஓட வேண்டும். மாறினால் பக்கங்கள் தகடுபோல விறைத்து நிற்கும், பசை பட்ட இடத்தில் முதுகோரம் அலை அலையாகச் சுருங்கும்.

திசையைக் கண்டுபிடிப்பது சுலபம். தாளை மடிக்காமல், இரண்டு ஓரங்களை ஒன்றுசேர்த்து உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். பிறகு தாளைத் திருப்பி மற்ற இரண்டு ஓரங்களிலும் அப்படியே செய்யுங்கள். எந்த வளைவு எதிர்ப்பில்லாமல் அமுங்குகிறதோ, அந்த வளைவுக் கோட்டின் திசையில் இழை ஓடுகிறது. சந்தேகமிருந்தால் ஒரு துண்டைக் கிழித்துப் பாருங்கள்: இழையோடு கிழித்தால் நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொள்ளும்.

ஆரம்பிப்பவர்கள் பலரும் விழும் குழி ஒன்று இருக்கிறது. வழக்கமான ஏ4 தாளில் இழை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். அதை நடுவில் மடித்து ஏ5 ஆக்கினால் இழை முதுகுக்குக் குறுக்கே வந்துவிடும். நீளவாக்கில் இழை ஓடும் ஏ3 தாளை வாங்கி இரண்டாக வெட்டுவதுதான் வழி. கிடைக்கும் ஏ4 தாள்களில் இழை குறுகிய பக்கத்தில் ஓடும். மடித்தால் சரியாக இருக்கும். கையில் ஏ4 மட்டும்தான் உண்டென்றால் அதையே இரண்டாக வெட்டி மடித்துச் சட்டைப்பை அளவு ஏ6 நோட்டு செய்யலாம், இழை தானாகவே சரியாக அமையும்.

80 அல்லது 90 ஜிஎஸ்எம் தாளில் 32 வேண்டும். நான்கு நான்காகச் சேர்த்து மடித்தால் எட்டு ஃபாரம். ஒரு ஃபாரத்தில் எட்டு பத்து தாள் திணித்தால் உள்தாள்கள் வெளியே பிதுங்கும். மடிப்பை போன் ஃபோல்டரால் (மடிப்பு தேய்க்கும் மழுங்கிய தகடு) தேய்க்கலாம், இல்லாவிட்டால் கரண்டியின் முதுகு. எதுவானாலும் மேலே ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டு தேயுங்கள். நேராகத் தேய்த்த இடம் பளபளவென்று வழுக்கித் தெரியும். இரவு முழுக்கப் பாரம் வையுங்கள். முதல் நாள் அவ்வளவுதான்.

மறுநாள் தையல். முதுகில் மேலிருந்து 15, 62, 75, 135, 148, 195 மில்லிமீட்டரில் ஆறு துளைகள். நடு நான்கும் 12 மில்லிமீட்டர் அகலமுள்ள இரண்டு பருத்தி நாடாக்களை அணைத்துப் போக. ஒரு கெட்டித்தாள் துண்டில் இந்த அளவுகளைக் குறித்து, ஒவ்வொரு ஃபாரத்தின் மடிப்புக்குள்ளும் அதையே வைத்துக் குத்துங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து குத்தினால் நிச்சயம் ஒன்று தப்பும். மெழுகு தேய்த்த லினன் நூல் ஏறக்குறைய இரண்டு மீட்டர் ஆகும். கணக்கு எளிது: புத்தக உயரம் பெருக்கல் ஃபாரம் எண்ணிக்கை, முடிச்சுக்குக் கொஞ்சம்.

முதல் ஃபாரத்தில் 15 மில்லிமீட்டர் துளையில் வெளியிலிருந்து நுழைந்து, 62இல் வெளியே வந்து, நாடாவைச் சுற்றி 75இல் உள்ளே, 135இல் வெளியே, 148இல் உள்ளே, 195இல் வெளியே. நூலின் வாலை 10 சென்டிமீட்டர் விட்டு வையுங்கள். இரண்டாவது ஃபாரத்தை மேலே வைத்து 195இல் ஏறி, அதே வழியில் திரும்பி வந்து, அந்த வாலோடு இரட்டை முடிச்சு. மூன்றாவதிலிருந்து ஒவ்வொரு ஓரத்திலும் கெட்டில் தையல்: ஊசியைக் கீழே உள்ள இரண்டு ஃபாரங்களுக்கு நடுவே, அவற்றைச் சேர்க்கும் நூலுக்குப் பின்னால் விட்டு, உண்டாகும் வளையத்துக்குள் நுழைத்து மேல்நோக்கி இறுக்க வேண்டும். நூலை எப்போதும் தையல் போகும் திசையிலேயே, முதுகை ஒட்டி இழுக்க வேண்டும். எதிர்த் திசையிலோ நம் பக்கமாகவோ இழுத்தால் துளை கிழியும், நடு ஃபாரம் ஒன்று தளர்ந்து தொங்கும். நூல் தடிப்பாக இருந்தால் முதுகு மட்டும் வீங்கிப் புத்தகம் ஆப்புபோல ஆகிவிடும். மிக மெல்லியது தாளை அறுக்கும்.

தைத்த கட்டின் இரு பக்கமும் மடித்த எண்ட் பேப்பரை முதுகோரம் 3 மில்லிமீட்டர் அகலப் பசையில் மட்டும் ஒட்டுங்கள். முதுகையும் தலையையும் மேசையில் தட்டிச் சமமாக்கி, பாரத்தின் கீழ் வைத்து, முதுகில் பி.வி.ஏ. எனும் வெள்ளைப் பசையை மெல்லியதாகப் பூசுங்கள். காய்ந்ததும், இழை தளர்ந்த பருத்தித் துணியை இரு பக்கமும் 25 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒட்டி, அதன்மேல் முதுகு அகலத்துக்கு ஒரு தாள். திறக்கும் ஓரத்தைக் கட்டரால் வெட்டிச் சமமாக்க ஆசை வரும். வேண்டாம். கில்லட்டின் (தாள்கட்டை மொத்தமாக வெட்டும் இயந்திரம்) இல்லாமல் வெட்டினால் படி படியாகத்தான் வரும். அதைவிட வெட்டாத ஓரமே அழகு.

குளிரில் ஒரு கூடுதல் எச்சரிக்கை. பி.வி.ஏ. உறைந்துபோனால் பிறகு நம்ப முடியாது. மிகக் குளிர்ந்த அறையில் பூசினாலும் படலம் பிடிக்காமல் சுண்ணாம்புபோல வெளுத்து உதிரும். பசையையும் அட்டையையும் சில மணி நேரம் அறைச்சூட்டில் வைத்த பிறகு தொடங்குங்கள். காயவைக்கிறேன் என்று ஹீட்டர் பக்கத்தில் மட்டும் கொண்டுபோகாதீர்கள், அட்டை அப்பளம்போல வளையும்.

அட்டைக்கு 2 மில்லிமீட்டர் கிரே போர்டு எனும் சாம்பல் நிறக் கெட்டி அட்டை. உயரம் புத்தகத்தைவிட 6 கூட, அதாவது 216. அகலம் புத்தகத்தைவிட 4 குறைய, 144. முதுகுக்கு ஒரு கெட்டித்தாள் பட்டை, கட்டின் தடிமனோடு இரண்டு அட்டைத் தடிமனும் சேர்ந்த அகலத்தில். தடிமனை ஸ்கேலால் அளப்பதைவிட ஒரு காகிதத் துண்டைச் சுற்றிக் குறித்துக்கொள்வது சரியாக வரும். பட்டைக்கும் அட்டைக்கும் நடுவே 7 மில்லிமீட்டர் கீல் இடைவெளி. 4, 5 என்று குறைத்தால் அட்டை திறக்க முரண்டு பிடித்து எண்ட் பேப்பரைப் பிய்த்துவிடும். காலிகோவைச் சுற்றிலும் 18 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு, மூலைகளை 45 டிகிரியில், அட்டை முனையிலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி வெட்டுங்கள். ஒட்டி வெட்டினால் மூலையில் அட்டை எட்டிப் பார்க்கும்.

துணியை அட்டைகள்மேல் ஒட்டி ஓரங்களை உள்ளே மடிக்கும் இந்த வேலைக்குத் தனி பி.வி.ஏ. மிக வேகமாகப் பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் தராது. ஒரு பங்கு கோதுமை மாவுச்சத்தை ஐந்து பங்கு தண்ணீரில் கரைத்து, கைவிடாமல் கிளறி, கண்ணாடிபோல ஆகும்வரை காய்ச்சுங்கள். ஆறியதும் வடிகட்டி, இரண்டு பங்கு பி.வி.ஏ.வுக்கு ஒரு பங்கு கலந்தால் நிதானமாக வேலை செய்யலாம். மைதாவும் ஆகும், கட்டி அதிகம் பிடிக்கும், அவ்வளவுதான். குளிர்பெட்டியில் நாலைந்து நாள் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். மிஞ்சிய பசையில் அக்ரிலிக் வண்ணம் கலந்து, நனைத்த தாளில் பூசி, சீப்பால் கோடு இழுத்தால் அடுத்த நோட்டுக்கு மேலட்டைத் தாள் தயார். காத்திருக்கும் நேரத்துக்கு நல்ல வேலை.

பசை எவ்வளவு குறைவோ புத்தகத்துக்கு அவ்வளவு நல்லது. 1966 நவம்பரில் ஃப்ளோரன்ஸில் ஆர்னோ நதி பெருகி நூலகத்துக்குள் புகுந்தபோது, கெட்டி அட்டைகளுக்குப் பதிலாக மெல்லிய தோலுறையில் கட்டப்பட்டிருந்த பழைய புத்தகங்கள் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கின. அவற்றின் பிடிமானம் தையலில் இருந்தது, பசையில் இல்லை.

கடைசி நாள், தைத்த தாள்கட்டை அட்டைக்குள் பொருத்துவது. எண்ட் பேப்பருக்குள் பழைய தாள் வைத்து, துணி ஓரத்துக்கும் நாடாவுக்கும் அடியிலும் மேலுமாக, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பசை பூசுங்கள். பழைய தாளை உருவிவிட்டு அட்டையை மூடுங்கள். மூடிய அட்டையைத் திறந்து பார்க்கக் கூடாது! ஈரமான எண்ட் பேப்பர் இப்போது விரிந்திருக்கிறது. திறந்தால் கீலில் சுருக்கம் விழும், அது பிறகு போகவே போகாது. மறுபக்கமும் அப்படியே ஒட்டி, இரு அட்டைக்கும் உள்ளே மெழுகுத் தாளும் ஒற்றுத் தாளும் செருகி, கீல்களில் மெல்லிய பின்னல் ஊசி ஒவ்வொன்று பதித்து, பலகைக்கு நடுவே பத்துக் கிலோ பாரம் ஏற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒற்றுத் தாளை மட்டும் மாற்றலாம், அட்டையைக் கொஞ்சமாகத் தூக்கி. பிறகு ஒன்றரை நாள் தொடக் கூடாது. ஈரப்பதமான குளிரென்றால் இரண்டு நாள்.

பாரத்தை எடுத்ததும் புத்தகம் லேசாக வெளிப்பக்கம் வளைந்திருந்தால் மேல்துணி இழுத்தது, உள்பக்கம் வளைந்திருந்தால் எண்ட் பேப்பர் இழுத்தது. கொஞ்சம் உள்வளைவு இருப்பது நல்லதுதான், அட்டை இறுக மூடும். புது நோட்டை நடுவில் பிளந்து திறக்காதீர்கள். முதுகை மேசையில் நிறுத்தி, முன்னாலிருந்து சில பக்கம், பின்னாலிருந்து சில பக்கம் என்று மாற்றி மாற்றிப் படிய வைத்துக்கொண்டே நடுப்பக்கத்துக்கு வாருங்கள்.