துப்பச் சொன்னால் வறளும் வாய்

ரத்தம் எடுக்க ஊசியைக் காட்டினாலே முகம் சுளிப்பவர்கள்கூட, எச்சில் மட்டும் போதும் என்றால் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்கள். குழாயைக் கையில் கொடுத்து, "தலையைக் குனிஞ்சு, ஊறுறதை அப்படியே வழிய விடுங்க, காறித் துப்ப வேண்டாம்" என்று சொன்ன பிறகுதான் வாய் வறண்டுபோகும். பதற்றத்தோடு வந்தவர் குழாயில் அடி நனையும் அளவுக்கு நுரைதான் இருக்கும்.

அந்த நுரையை எலிசாவில் (புரதத்தின் அளவைக் காட்டும் சோதனை) போட்டால் ஐஜிஏவின், அதாவது எச்சிலில் இருக்கும் நோய் எதிர்ப்புப் புரதத்தின், அளவு எகிறி நிற்கும். புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் "இவருக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம்" என்பார்கள். ஆனால் நீர் குறைந்தாலே செறிவு கூடும். அதனால் செறிவை ஒரு நிமிடத்தில் ஊறிய எச்சிலின் அளவால் பெருக்கி, நிமிடத்துக்கு எத்தனை மைக்ரோகிராம் என்றுதான் பார்க்கிறோம். எதையாவது மென்றால் எச்சில் பெருகிச் செறிவு இறங்கும். ஆனால் வெளிவரும் ஐஜிஏவின் மொத்த அளவு கூடும்.

எனக்கு அலுக்காத இடம் இதுதான். ஐஜிஏவைத் தயாரிக்கும் பிளாஸ்மா செல்கள் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் அது தானாக வாய்க்கு வந்துவிடாது. சுரப்பிச் செல்லின் பின்புறத்தில் ஓர் ஏற்பி (பிடித்துக்கொள்ளும் புரதம்) அதைப் பிடித்து, செல்லுக்குள்ளேயே கடத்தி, மறுபக்கம் கொண்டுவிடுகிறது. அங்கே ஏற்பியின் ஒரு பகுதி வெட்டுப்பட்டு ஐஜிஏவோடு ஒட்டியபடியே எச்சிலில் கலக்கிறது. நரம்புத் தூண்டல் இல்லாவிட்டாலும் இந்தப் போக்குவரத்து மெதுவாக நடக்கும். எலிகளின் சுரப்பி நரம்புகளைத் தூண்டிப் பார்த்த சோதனைகளில் அது பல மடங்கு வேகமெடுத்தது. பதற்றத்தில் உடலை முடுக்கும் பரிவு நரம்பு, ஓய்வில் மேலோங்கும் எதிர்ப்பரிவு நரம்பு இரண்டுக்குமே அந்தத் திறன் உண்டு. தண்ணீரைப் பெருக்குவதில் எதிர்ப்பரிவு நரம்புக்குத்தான் முதலிடம்.

ஆக, மேடையேறும் முன் பதற்றத்தில் சில நிமிடங்களில் கூடும் ஐஜிஏ புதிதாகத் தயாரானதல்ல. அவ்வளவு சீக்கிரம் அதைத் தயாரிக்க முடியாது. ஏற்கெனவே இருந்ததை நரம்பு வெளியே தள்ளுகிறது. மாதக்கணக்கில் நீளும் மன அழுத்தம் வேறு கதை. அதில் அளவு குறைவதாகவே பல ஆய்வுகள் சொல்கின்றன.

வந்தவுடன் யாரிடமும் குழாயை நீட்டுவதில்லை. சற்று நேரம் சும்மா உட்காரவைக்கிறோம். ஐஜிஏ காலையில் கூடுதலாக இருந்து பிறகு இறங்கும் என்பதால் நேரத்தையும் குறிக்கிறோம். பஞ்சுச் சுருளை வாயில் வைத்து எடுப்பது எளிதுதான், ஆனால் பஞ்சு அளவைக் கெடுத்துவிடும். கடைசியாக மாத்திரைகள். ஒவ்வாமைக்குப் போடும் சில மாத்திரைகள் எதிர்ப்பரிவு நரம்பின் சமிக்ஞையையே தடுத்து வாயை உலர்த்திவிடும். "மாத்திரை ஏதாவது?" என்று கேட்டால் பலரும் இல்லை என்பார்கள். "சளிக்கு, அரிப்புக்குக்கூடவா?" என்று மறுபடி கேட்க வேண்டும்.