பால் பீய்ச்சும் கை

ஆறு மாதக் கைக்குழந்தையோடு தஞ்சாவூரிலிருந்து நான் ராச்செஸ்டருக்கு வந்து சேர்ந்தது ஒரு ஜனவரி மாதம். நியூயார்க் என்று சொன்னதும் ஊரில் எல்லோரும் வானளாவும் கட்டடங்களை நினைத்துக்கொண்டார்கள். இதுவோ அந்த மாநிலத்தின் மேற்குப் பகுதியில், ஒண்டாரியோ ஏரியின் தென்கரையில், ஏரியைக் கடந்து வரும் காற்று பனியைக் கொண்டுவந்து கொட்டுகிற ஊர். கணவர் காலை ஏழரைக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஆறு மணி ஆகிவிடும். அதற்குள் வெளியே நன்றாக இருட்டியிருக்கும். இடைப்பட்ட அவ்வளவு நேரமும் நானும் மகளும் மட்டுமே.

குழந்தையைப் பரிசோதனைக்குக் கொண்டுபோயிருந்தபோது அங்கிருந்த பணியாளர் ஒருவர், வீட்டில் ஒரே மொழியில் பேசுங்கள், அதுவும் இந்த ஊர் மொழியாக இருந்தால் நல்லது, இரண்டு மொழி கேட்டால் பேச்சு வரத் தாமதமாகும் என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் அது தவறான அறிவுரை. இரு மொழி கேட்டு வளர்வதால் குழந்தைக்குப் பேச்சுக் குறைபாடு வருவதில்லை என்பது ஆய்வாளர்கள் பலமுறை உறுதிசெய்த ஒன்று. எனக்கு அப்போது அது தெரியாது. ஐந்தாறு வாரம் மகளிடம் ஆங்கிலத்தில் பேச முயன்றேன். அந்த மொழியில் எனக்குத் தாலாட்டு வராது, கொஞ்சல் வராது. சொல்லைத் தேடி எடுப்பதற்குள் குழந்தையின் முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுவதே குறைந்துபோயிற்று. குழந்தை இருக்கிற வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மார்ச் மாதம் பனி சற்று இளகியதும், நடந்துபோகும் தூரத்தில் இருந்த பொது நூலகக் கிளைக்கு மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே வாரம் ஒரு நாள் கைக்குழந்தைகளுக்குக் கதை நேரம் உண்டு. நூலகர் தரையில் உட்கார்ந்து கதை சொல்லும்போதே கைகளாலும் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த தாய்மார்களும் அதையே செய்தார்கள். காது கேட்கிற, ஆனால் இன்னும் பேச வராத குழந்தைகளுக்கு அமெரிக்கச் சைகைமொழியின் சில சொற்களைக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பது எனக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. எட்டு, ஒன்பது மாதத்தில் குழந்தைக்கு நாம் சொல்வதில் பல புரியத் தொடங்கிவிடுகின்றன. தனக்கு வேண்டியது என்னவென்பதும் அதற்குத் தெளிவாகவே தெரியும். ஆனால் நாக்கும் உதடும் தொண்டையும் மூச்சும் ஒன்றுசேர்ந்து ஒரு சொல்லை உருவாக்க இன்னும் பல மாதங்கள் ஆகும். கை அதற்கு முன்பே வசப்பட்டுவிடுகிறது. பால் என்பதற்கு ஒரு கையை முட்டியாக மடக்கி விரித்து மீண்டும் மடக்க வேண்டும். இன்னும் வேண்டும் என்றால், இரு கைகளின் விரல்களையும் சோற்றைக் கவளமாக எடுப்பதுபோல் குவித்து, நுனியோடு நுனி தட்ட வேண்டும். போதும் என்பதற்கு, விரிந்த இரு கைகளும் நெஞ்சைப் பார்த்தபடி இருந்து வெளிப்பக்கம் திரும்பும். அம்மா என்றால் விரித்த கையின் பெருவிரல் மோவாயைத் தொடும். அப்பா என்றால் அதே கை நெற்றிக்குப் போகும். அம்மாச்சிக்கு அந்தக் கை மோவாயிலிருந்து புறப்பட்டு இரண்டு எட்டு முன்னால் போகிறது. நம் சொல்லிலும் அம்மாவிலிருந்துதானே அம்மாச்சி வருகிறாள் என்று அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

இரண்டாம் வாரம் நூலகரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: எங்கள் வீட்டில் பேசுவது வேறு மொழி, நான் என்ன செய்ய வேண்டும்? அவர் யோசிக்கவே இல்லை. உங்கள் மொழியிலேயே பேசுங்கள், கை மட்டும் இப்படி இருக்கட்டும், பின்னால் பள்ளியில் வேறு சொல்லைக் கேட்கும்போதும் குழந்தைக்கு இந்தக் கை நினைவிருக்கும் என்றார். அன்று மாலை முட்டியை மடக்கி விரித்து, "பால், பாப்பாவுக்குப் பால், இங்கா வேணுமா?" என்று மகளிடம் கேட்டேன். அடைத்துக்கிடந்த தமிழெல்லாம் அந்த ஒரு கேள்வியோடு திரும்பி வந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தால் கையைக் கொண்டு குழந்தையைப் பேச்சுக்கு அழைப்பது நமக்குப் புதிதும் அல்ல. பிள்ளைத்தமிழில் ஒன்பதாம் மாதத்துக்கு உரியது சப்பாணிப் பருவம். கையோடு கை சேர்த்துக் கொட்டும்படி குழந்தையைக் கேட்கும் பருவம். சாய்ந்தாடச் சொல்வதும், கைவீசச் சொல்வதும், நிலாவைக் கைகாட்டி அழைக்கச் சொல்வதும் எல்லாம் அந்த வயதை அறிந்தவர்கள் ஏற்படுத்தியவை. ஒரு வித்தியாசம் உண்டு. நம் விளையாட்டுகளில் நாம் கேட்கிறோம், குழந்தை செய்துகாட்டுகிறது. இந்தச் சைகைகளில் குழந்தை கேட்கிறது, நாம் செய்கிறோம்.

ஆனால் அது கேட்கும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு மாதம் நான் மட்டுமே கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். மகள் என் கையைப் பார்ப்பாள், சிரிப்பாள், அவ்வளவுதான். மே மாதம், ஹைலேண்ட் பூங்காவில் லைலாக் பூக்கள் பூத்திருந்த வாரம், நெய் விட்டுப் பிசைந்த பருப்புச் சோற்றை ஊட்டிக்கொண்டிருந்தேன். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு அவள் தன் இடது உள்ளங்கையை உற்றுப் பார்த்தாள். வலது கை ஆட்காட்டி விரலை அதன் நடுவில் ஒரு முறை குத்தினாள். என்னைப் பார்த்தாள். மீண்டும் குத்தினாள். விரலைக் குவிக்கத் தெரியாத கையால் அவள் "இன்னும்" என்று சொல்கிறாள் என்று எனக்கு உறைத்தபோது கையில் இருந்த கவளத்தைக் கீழே போட்டுவிட்டேன். மூன்றாம் முறை குத்தியபோது அவள் முகத்தில் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

அடுத்த சொல் பால். அது வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். இதைப் பற்றி அம்மாவிடம் நான் மூச்சே விடவில்லை; பிள்ளையைக் கையாட்டப் பழக்கினால் ஊமையாகிவிடும் என்று பயப்படுவார் என்பது எனக்குத் தெரியும். ஒரு நாள் காணொளி அழைப்பில் மகள் திரையைப் பார்த்து முட்டியை மடக்கி மடக்கி விரித்தாள். "டாட்டா சொல்லுதுடி என் தங்கம்! டாட்டா, டாட்டா!" என்று அம்மா கையசைத்துவிட்டு அழைப்பை முடித்துவிட்டார். பால் கேட்ட குழந்தை, முகம் மறைந்த திரையைப் பார்த்து அழுதாள். நான்கைந்து நாள் கழித்து மறுபடியும் அதே கை. இந்த முறை அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகில் வந்தார். திருவையாற்றுப் பக்கம் எங்கள் பழைய வீட்டில் மாடு இருந்த காலத்தில் இரண்டு வேளையும் கறந்தவர் அவர். தன் கையையும் எடுத்து மடக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது டாட்டா இல்லடி. இது பால் பீச்சுற கை. பிள்ள பால் கேக்குது, நீ என்னத்த பாத்துக்கிட்டு நிக்கிற?"

அந்தச் சைகை உண்மையில் கறக்கும் கையிலிருந்து வந்ததுதான். அதை நான் சொல்லாமலே அறிந்த ஒரே ஆள் எங்கள் வீட்டில் அம்மாதான். மறுநாள் அவருக்கு அந்தக் கேள்வியும் வந்தது. "கையாலயே கேட்டுப் பழகிட்டா வாய் தொறக்குமாடி?"

நானும் அதைத் தேடிப் படித்தேன். கலிபோர்னியாவில் லிண்டா அக்ரெடோலோ என்ற உளவியல் பேராசிரியர், 1980களின் தொடக்கத்தில், தன் சிறு மகள் பூவைக் கண்டால் மூக்கைச் சுருக்கி மோந்து காட்டுவதைக் கவனித்தார். பூ என்று சொல்ல முடியாத குழந்தை அதற்குத் தானே ஒரு சொல்லைப் படைத்துக்கொண்டிருந்தது. அவரும் சூசன் குட்வினும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளியானது. சைகை கற்ற குழந்தைகள் பேச்சிலும் சற்று முந்தியிருந்ததாக அது சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு, குழந்தையின் அறிவு கூடும், சீக்கிரம் பேசும் என்று வகுப்புகளும் அட்டைகளும் விற்கிறார்கள். 2013இல் இங்கிலாந்தில் எலிசபெத் கிர்க் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் நாற்பது குழந்தைகளை எட்டு மாதம் முதல் இருபது மாதம் வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். சைகை கற்ற குழந்தைகளின் பேச்சு மற்றவர்களைவிட முந்தவில்லை, பிந்தவும் இல்லை. மாற்றம் தெரிந்தது தாய்மார்களிடம்: சைகை கற்பித்த தாய்மார்கள், குழந்தை சொல்லாமல் காட்டும் குறிப்புகளைக் கூடுதலாகக் கவனித்தார்கள்.

எனக்கு அந்த முடிவு முழு உண்மை. மகளின் கை எப்போது என்ன கேட்குமோ என்று பார்த்துப் பார்த்து, அவள் கண் எங்கே போகிறது, எதைக் கண்டு மூச்சு வேகமாகிறது என்பதெல்லாம் எனக்குப் பிடிபட்டது. அறிவு கூடும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பத்துச் சைகை போதும். நூலகத்தில் இலவசமாகவே கற்கலாம்.

மேல்மாடியில் இருந்த பெண்ணைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. காது கேளாதோருக்கான தேசியத் தொழில்நுட்பக் கல்லூரி ராச்செஸ்டரில்தான் இருக்கிறது. 1965இல் சட்டம் இயற்றி, 1968இல் முதல் மாணவர்களைச் சேர்த்தார்கள். அங்கே படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் பலர். அதனால் இந்த ஊரில் கடைகளிலும் பேருந்திலும் கைகள் பேசுவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மாடிக்காரரும் அப்படி வந்து தங்கியவர்தான். ஒரு நாள் மாடிப்படியில் மகள் ஆட்காட்டி விரலால் மோவாயைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவர் நின்று பார்த்துவிட்டு, மூன்று விரல்களை நிமிர்த்தி மோவாயில் தட்டிக் காட்டினார்: தண்ணீர். பிறகு கைப்பேசியில் எழுதினார்: காது கேளாத குழந்தைகளும் முதலில் இப்படி ஒற்றை விரலால்தான் சொல்லும், மழலை.

கைக்கும் மழலை உண்டு என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன். அதன் பிறகு படியில் பார்க்கும்போதெல்லாம் நின்று பேசினோம். அவர் எழுத, நான் எழுத. நான் குழந்தைக்கு விளையாட்டாகக் கற்றுக்கொடுத்தவை, 1817இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் தொடங்கிய பள்ளியில், பாரிஸிலிருந்து வந்த லோரான் கிளெர்க் என்ற காது கேளாத ஆசிரியரின் கைகளோடு வந்து சேர்ந்து வளர்ந்த ஒரு மொழியின் சொற்கள் என்பதை அவர் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர்கள் சைகைமொழியைப் பள்ளிகளிலிருந்து விலக்கத் தீர்மானித்தார்கள். அதன் பிறகு பல தலைமுறைக் குழந்தைகள் கையால் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். அதற்கு இலக்கணம் உண்டு, அது முழுமையான மொழி என்று வில்லியம் ஸ்டோக்கோ என்ற மொழியியலாளர் 1960இல் எழுதிக் காட்டும்வரை கல்வியுலகம் அதை ஒரு மொழியாக மதிக்கவில்லை. காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள். அந்தப் பெற்றோரில் பலரிடம், சைகை பழக்காதீர்கள், பேச்சு வராது என்று இன்றும் சொல்லப்படுவதாக மாடிக்காரர் எழுதினார். காது கேட்கும் குழந்தைக்குக் கொண்டாட்டமாகக் கற்றுக்கொடுப்பதை, அது இன்றி வேறு மொழியே எட்டாத குழந்தைக்கு மறுக்கிறார்கள். அவர் அதைக் கோபமில்லாமல்தான் எழுதினார். எனக்குத்தான் நெஞ்சு கொதித்தது.

உங்கள் ஊரில் எப்படி என்று ஒருமுறை கேட்டார். எங்கள் தெருமுனைத் தையல்காரரைப் பற்றி எழுதினேன். என் பள்ளிச் சீருடை எல்லாம் அவர் தைத்தவை. இடுப்பைப் பிடிக்க வேண்டும், கை இவ்வளவு நீளம், வெள்ளிக்கிழமை வேண்டும் என்று தெருவே அவரிடம் கையால்தான் பேசும். ஊமையன் கடை என்போம். மாடிக்காரர் படித்துவிட்டு ஒரே வரி எழுதினார்: அவர் பெயர் என்ன? எனக்குத் தெரியவில்லை.

மகளுக்கு இப்போது இரண்டே கால் வயது. பால், சோறு, போதும் எல்லாம் வாய்க்கு வந்துவிட்டன, முதலில் தமிழில், இப்போது ஆங்கிலத்திலும். ஒவ்வொரு சொல் வந்தபோதும் அதற்குரிய கை தானாக உதிர்ந்தது. வாய் நிறையச் சோறு இருக்கும்போது மட்டும் இன்னும் உள்ளங்கையில் குத்திக் கேட்கிறாள்.

நான் வாரம் ஒரு மாலை சைகைமொழி வகுப்புக்குப் போகிறேன். தையல்காரர் பெயரை அம்மாவிடம் கேட்டிருந்தேன். அவருக்கும் தெரியவில்லை, பக்கத்து வீட்டிலும் தெரியவில்லை. இரண்டு வாரம் விசாரித்து, போன ஞாயிற்றுக்கிழமை சொன்னார்: "சௌந்தரராஜனாம்டி." அன்று இரவு அந்தப் பெயரை விரல்களால் ஆங்கில எழுத்துகளில் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். ஜே எழுத்துக்குச் சுண்டுவிரலை மட்டும் நிமிர்த்திக் காற்றில் ஒரு கொக்கி போட வேண்டும். பக்கத்தில் இருந்த மகள் தன் சுண்டுவிரல் தனியே நிமிராததால், அதை இன்னொரு கையால் பிடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.