சைபர் தூதாண்மைப் பயிற்சி: உள்ளே என்ன நடக்கிறது?

வெளியுறவுத் துறை அதிகாரிகளுக்கான பன்னாட்டு சைபர் பாதுகாப்புப் பயிற்சி ஒன்றை முடித்த கையோடு இதை எழுதுகிறேன். பல நாட்டு அதிகாரிகள் சேர்ந்து படிக்கும் வகுப்பு. முதலில் இணையத்தில் சில பாடங்கள், அப்புறம் நேரில். “கம்ப்யூட்டர் படிக்காத நமக்கு இதில் என்ன புரியப்போகிறது” என்று தயங்கும் சக அதிகாரிகளுக்காகத்தான் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நிரல் எழுதத் தெரிய வேண்டியதே இல்லை. பொறியாளரிடம் சரியான கேள்வியைக் கேட்கத் தெரிய வேண்டும், அவர் சொல்வதை இன்னொரு நாடு படித்துவிட்டு ஏதாவது செய்யும்படி எழுதத் தெரிய வேண்டும்.

விண்ணப்பத்துக்குத் துறையின் பரிந்துரைக் கடிதமும், ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று ஒரு பக்கமும் கேட்பார்கள். “இத்துறையில் ஆர்வம் உண்டு” என்று மட்டும் எழுதாதீர்கள். உங்கள் மேசைக்கு இப்போது வரும் கோப்புகளில் எது இதைத் தொடுகிறது என்று எழுதுங்கள்.

இணையப் பாடங்கள் பெரும்பாலும் ஐநா பேச்சுவார்த்தைகளின் வரலாறு. 2013இல் அரசு நிபுணர் குழு, சர்வதேசச் சட்டம் சைபர் வெளிக்கும் பொருந்தும் என்று ஒப்புக்கொண்டது. 2015இல் அரசுகள் தாமாக முன்வந்து கடைப்பிடிக்க வேண்டிய 11 நெறிகள் நிபுணர் குழுவின் அறிக்கையில் வந்தன. 2017இல் கூடிய குழு கருத்தொற்றுமை இல்லாமல் கலைந்தது. அதன் பிறகு எல்லா உறுப்பு நாடுகளும் உட்காரக்கூடிய திறந்தநிலைப் பணிக்குழு உருவானது. சிங்கப்பூரின் புர்ஹான் கஃபூர் தலைமையில் நடந்த இரண்டாவது பணிக்குழு 2025 ஜூலையில் முடிந்தபோது, இனி இதற்கென்று நிரந்தர அமைப்பு ஒன்று இருக்கும் என்று உடன்பட்டார்கள். சலிப்பூட்டும் பகுதிதான், ஆனாலும் தாண்டிவிடாதீர்கள். கூட்டத்தில் ஒரு நாடு 2015 அறிக்கையை மேற்கோள் காட்டும்போது எதைப் பாதுகாக்கப் பார்க்கிறது என்பது இந்தக் கதை தெரிந்தால்தான் பிடிபடும்.

நேரில் நடந்த வகுப்பின் உயிர் பாவனைப் பயிற்சிதான். கற்பனை நாடு ஒன்றின் கொள்கலன் துறைமுகத்தில் கணினிகள் முடங்கிவிட்டன. ஒவ்வொரு மேசையிலும் தூதர்களோடு ஒரு செர்ட் குழுப் பொறியாளரையும் (செர்ட் என்பது கணினித் தாக்குதல்களைக் கையாளும் அவசரகாலக் குழு) உட்கார வைத்திருந்தார்கள், அதற்காகவே ஏற்பாட்டாளர்களைப் பாராட்ட வேண்டும். தாக்குதல் பக்கத்து நாட்டில் உள்ள ஒரு சர்வரிலிருந்து வருகிறது, இணையத்தில் அதன் அடையாள எண்ணான ஐபி முகவரி இதோ என்றார் எங்கள் மேசைப் பொறியாளர். யார் செய்தார்கள் என்று கேட்டோம். அதை இந்த முகவரி சொல்லாது, அந்தச் சர்வரே யாரோ திருடிப் பயன்படுத்தும் இயந்திரமாக இருக்கலாம் என்றார். சரி, அந்த நாட்டிடம் என்ன கேட்பது? முதலில் அந்தச் சர்வரின் இயக்கப் பதிவுகளை (லாக்) அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லிக் கேளுங்கள், பழைய பதிவுகள் தானாகவே அழிந்துகொண்டிருக்கும் என்றார். ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பயனர்கள் இருக்கலாம் என்பதால் எந்த இணைப்பு என்று பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும், நொடி வரை துல்லியமான நேரமும் வேண்டும், அதுவும் உலகப் பொது நேரமான யூடிசியில். “நேற்று மாலை” என்று எழுதினால் எதிர்முனையில் இருப்பவரால் எதையும் தேட முடியாது.

இதையெல்லாம் வைத்துத் தூதரகக் குறிப்பு எழுத வேண்டும். “உங்கள் நாட்டிலிருந்து எங்களைத் தாக்கினார்கள்” என்று ஆரம்பித்தால் மறுப்புதான் பதிலாக வரும். “உங்கள் எல்லைக்குள் உள்ள இந்தச் சர்வர் இன்ன நேரத்தில் தவறாகப் பயன்படுத்தப்பட்டதாகத் தெரிகிறது, பதிவுகளைக் காத்து வையுங்கள், இதை நிறுத்த உதவுங்கள்” என்று எழுதினால் அந்த அரசுக்கு உதவ இடம் கிடைக்கிறது. இப்படித் தெரிவிப்பதாலேயே அந்த நாட்டைப் பொறுப்பாளி ஆக்கியதாகாது என்று பின்னர் அமைந்த இன்னொரு நிபுணர் குழுவின் 2021 அறிக்கை தெளிவாகவே சொல்கிறது. அந்தப் பத்தியைக் கையில் வைத்துக்கொண்டு குறிப்பு எழுதுவது பெரிய தைரியம் தரும்.

நடுவில் ஒரு சிக்கலையும் வைத்திருந்தார்கள். எங்களிடம் இருந்ததிலேயே வலுவான ஆதாரம் மூன்றாவது நாட்டின் செர்ட் குழு அனுப்பியது, அதன் மேல் டிஎல்பி அம்பர் என்று, தகவலை யாரோடு பகிரலாம் என்று காட்டும் குறி இட்டிருந்தது. அதாவது நம் அமைப்புக்குள்ளும், அதன் சேவை பெறுவோரிடமும், அது அவசியம் தெரிய வேண்டியவர்களோடு மட்டும் நிறுத்திக்கொள்ள வேண்டும். அனுப்பியவரின் அனுமதி இல்லாமல் இன்னொரு அரசுக்கான குறிப்பில் சேர்த்தால் அடுத்த முறை அவர்கள் எதையும் தர மாட்டார்கள். அனுமதி கேட்டு அஞ்சல் அனுப்பிவிட்டு, அந்த ஆதாரம் இல்லாமலே நிற்கும் குறிப்பு ஒன்றையும் தயார் செய்தோம்.

தாக்கியவர் இன்னார் என்று பெயர் சொல்வது பற்றித் தனி அமர்வு இருந்தது. பல நாடுகளில் கணினிகளை முடக்கிய நாட்பெட்யா தாக்குதல் 2017 ஜூனில் நடந்தது. பிரிட்டனும் அமெரிக்காவும் ரஷ்ய ராணுவத்தை வெளிப்படையாகக் குற்றம்சாட்டியது 2018 பிப்ரவரியில். தொழில்நுட்ப ஆய்வு முடிந்தாலும், சட்டம் என்ன சொல்கிறது, சொன்னால் என்ன பின்விளைவு, கூட யார் நிற்பார்கள் என்பதெல்லாம் தனித்தனி முடிவுகள். அல்பேனியா தன் மீதான சைபர் தாக்குதலுக்காக 2022 செப்டம்பரில் ஈரானுடன் தூதரக உறவையே முறித்துக்கொண்டது. அதே ஆண்டு கோஸ்டாரிகாவைத் தாக்கியது கான்டி என்ற ரேன்சம்வேர் கும்பல், அதாவது கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் பறிப்பவர்கள். நாடே அவசரநிலை அறிவித்தது, வெளிநாடுகளின் உதவியும் வந்தது. இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பேசியது மிக நல்ல யோசனை.

சர்வதேசச் சட்ட அமர்வு மட்டும் விரிவுரையாகவே ஓடிவிட்டது. சைபர் வெளியில் சர்வதேசச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று விளக்கும் டாலின் கையேடு நிபுணர்கள் தங்கள் பெயரில் எழுதியது, அரசுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அல்ல என்பதைக்கூடக் கேள்வி நேரத்தில்தான் தெளிவாக்கினார்கள்.

யாரை அழைப்பது என்ற பாடத்துக்கு இன்னும் நேரம் ஒதுக்கியிருக்கலாம். தாக்குதலை நிறுத்த வேண்டுமென்றால் செர்ட் குழு. நீதிமன்றத்தில் நிற்கும் ஆதாரம் வேண்டுமென்றால் காவல்துறை வழி. சைபர் குற்றங்களுக்கான புடாபெஸ்ட் உடன்படிக்கையின் 24 மணி நேரத் தொடர்பு வலை அதற்கானது. அரசுகளுக்கு இடையே பதற்றம் கூடுகிறது என்றால் 2024 மே மாதம் ஐநா தொடங்கிய தொடர்பாளர் பட்டியல். அதில் தூதாண்மைக்கு ஒருவர், தொழில்நுட்பத்துக்கு ஒருவர் என்று நாடுகள் பெயர் தரலாம். ஆனால் நம் வேலையில் இடமாற்றம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பட்டியலில் தனிநபர் முகவரியைக் கொடுத்திருந்தால் அவர் மாறிப்போன மறுநாளே அந்த வரி செத்துவிடும். பதவிக்கு உரிய பொது அஞ்சல் முகவரியைக் கொடுங்கள், இரவில் அதைப் பார்ப்பவர் யார் என்று பணிப்பட்டியலில் எழுதி வையுங்கள். ஊர் திரும்பியதும் நான் முதலில் சரிபார்த்தது எங்கள் துறையின் அந்த ஒரு வரியைத்தான்.