தலைகீழ் வெட்டில் பிடித்த கண்: செந்தூலில் ஒரு மிஸ்டர் லிங்கன்

மிஸ்டர் லிங்கன் ரோஜா பூத்துவிட்டது. மொட்டோடு வாங்கி வந்து வைத்த செடி இல்லை. நானே கண் (இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இருக்கும் சின்ன மொட்டு) எடுத்து, நானே வேறொரு ரோஜாத் தண்டில் ஒட்டி, கோலாலம்பூர் செந்தூல் வீட்டுப் போர்ச் ஓரத்தில் தொட்டியில் வளர்த்தது. கருஞ்சிவப்பு, உள்ளங்கை அளவு, கேட்டைத் திறக்கும்போதே மணம் வருகிறது. கேமரன் மலையில் பூப்பதைவிட இதழ் குறைவுதான், இரண்டே நாளில் முழுக்க விரிந்தும் விடுகிறது. இந்தச் சூட்டுக்கு ரோஜா அப்படித்தான் பூக்கும். மணத்தில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

இந்தப் பூவுக்குக் காரணம் ஒரு வெட்டு. அதைத்தான் விளக்கமாக எழுதப் போகிறேன். மண் கலவை, உரம், தொட்டி அளவு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. என் கலவையில் கருக்கிய உமி கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் வேர்ச்செடி, அதாவது கண்ணை ஒட்டுவதற்கு வேரும் தண்டும் தரும் செடி. கேமரன் மலையிலிருந்து கோலாலம்பூருக்கு இறங்கும் ஹைபிரிட் டீ (பெரிய பூ பூக்கும் ரோஜா வகை) செடிகளின் கதை எல்லாருக்கும் தெரியும். 1,400 மீட்டருக்கு மேல், குளிர்ந்த இரவில் வளர்ந்த செடி இங்கே வந்து இரவிலும் 24 டிகிரி சூட்டில் நிற்கிறது. முதல் பூ பிரமாதம், இரண்டாவது சுமார், அப்புறம் கரும்புள்ளி நோயில் இலை எல்லாம் கொட்டி, மேல் பகுதி குச்சி குச்சியாகக் காய்கிறது. 'கீழேயும் நல்லா வரும்' என்று சொல்லி விற்பவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. வீட்டில் ஆசையாக ஒரு ரோஜா வைக்க நினைத்து வாங்குகிற அம்மாமார்கள் இரண்டு செடி செத்ததும் 'நம்ம கைக்கு ரோஜா வராது' என்று விட்டுவிடுகிறார்கள். அவர்கள் கையில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் அந்தச் செத்த செடியைத் தூக்கிப் போடாதீர்கள். மேலே காய்ந்தாலும் ஒட்டுக்குக் கீழே உள்ள வேர்ச்செடி பல நேரம் உயிரோடுதான் இருக்கும். அடியிலிருந்து நீளமாக, மெல்லிய தளிர் ஒன்று கிளம்பும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இருக்கும் சின்ன இறகுபோன்ற பகுதியைப் பாருங்கள். அதன் விளிம்பு நார் நாராகப் பிரிந்திருந்தால் அது மல்டிஃபுளோரா, வேர்ச்செடியாகப் பயன்படும் காட்டு ரோஜா. என்னிடம் அது பூத்ததே இல்லை. ஆனால் வளர்ச்சி அசாத்தியம். குச்சி வெட்டி நட்டால் சுலபமாக வேர் விடுகிறது. என் வேர்ச்செடிகள் எல்லாமே இப்படிச் செத்த ரோஜாக்களிலிருந்து எடுத்தவைதான். பென்சில் பருமன் வந்ததும் ஒட்டுக்குத் தயார்.

கண்ணுக்குத் தாய்ச்செடி கேமரன் மலையில், தானா ராத்தாவில் அத்தை வீட்டில் இருக்கிறது. பூ உதிர்ந்து முடிந்த கிளையாகப் பார்த்துக் கேட்டேன். 'நல்லா பார்த்து வெட்டிக்கப்பா, ஆனா கீழே கொண்டுபோனா நிக்காது' என்றார் அத்தை. முள்ளைப் பக்கவாட்டில் தள்ளினால் சுத்தமாக ஒடிந்து வர வேண்டும். நார் உரிந்து வந்தால் கிளை இன்னும் இளசு, அந்தக் கண் வேண்டாம். கிளையின் நடுப்பகுதிக் கண்கள்தான் நல்லவை. இலையை நறுக்கிவிட்டு அரை அங்குலக் காம்பை மட்டும் விட்டு, ஈரமான செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்தேன்.

இனி அந்த வெட்டு. கண் ஒட்டுக்கு எல்லாரும் போடுவது டி வடிவ வெட்டு: மேலே குறுக்குக் கோடு, அதிலிருந்து கீழ்நோக்கி நேர்க்கோடு. பட்டையை விலக்கி, மேலிருந்து கண்ணை உள்ளே தள்ளுவது. குளிர் நாடுகளில் அது சரியாக வருகிறது. இங்கே முன்பு அப்படி ஒட்டிய கண்கள் எனக்குக் கறுத்தே போயின. கத்தி, டேப், வேர்ச்செடி என்று ஒவ்வொன்றாக மாற்றியும் அதே கறுப்பு. கடைசியில் ஒரு நாள் சாயங்கால மழையில் போர்ச்சில் நின்று தண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழைநீர் தண்டு வழியாக வழிந்து நேராக அந்தக் குறுக்குக் கோட்டில் போய்த் தேங்குகிறது. கண்ணுக்காக டேப்பில் விட்ட இடைவெளி அதற்கு வழி காட்டுகிறது. நம் ஊர் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். சாயங்காலம் நனைந்தால் விடியும்வரை ஈரம் காயாது. வெட்டுவாய் இரவு முழுக்க ஊறினால் அழுகாமல் என்ன செய்யும்?

அதனால் டியைத் தலைகீழாகப் போட்டேன். குறுக்குக் கோடு கீழே, நேர்க்கோடு அதிலிருந்து மேல்நோக்கி ஓர் அங்குலம். மேலிருந்து வழியும் தண்ணீருக்கு உள்ளே நுழைய மேல்வாய் கிடையாது. மழை அதிகமுள்ள இடங்களில் தோட்டக்காரர்கள் வெகுகாலமாகச் செய்வதுதான் இது. ஏன் இங்கே யாரும் இதைப் பேசுவதில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கண் எடுப்பதும் இதற்கேற்ப மாறும். கண்ணுக்கு மேலே அரை அங்குலத்தில் கத்தியை இறக்கி, கண்ணுக்கு அடியில் மெல்லிய மரத்தோடு சீவிக்கொண்டு கீழே வந்து, கண்ணுக்குக் கீழே குறுக்காக நறுக்க வேண்டும். மேல்நுனி கூராகவும் அடி தட்டையாகவும் ஒரு துண்டு கிடைக்கும். அதைக் காம்பைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலே தள்ளுங்கள். தட்டையான அடி குறுக்குக் கோட்டோடு பொருந்தி உட்காரும்வரை தள்ள வேண்டும். கண் எப்போதும் மேல்நோக்கியே இருக்கட்டும். வெட்டுத்தான் தலைகீழ், கண் தலைகீழாகக் கூடாது. சீவிய பக்கத்தில் விரல் படக் கூடாது. சீவியதிலிருந்து டேப் சுற்றும்வரை ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறேன்.

டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்போது ஒவ்வொரு சுற்றும் கீழ்ச் சுற்றின் மேல் படிந்து, கூரைக்கு ஓடு வேய்ந்த மாதிரி தண்ணீர் வெளியே வழிந்துவிடும். மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீர் பிடிக்கும். கண் இருக்கும் இடத்தை மட்டும் விட்டு, மேலும் கீழும் இறுக்கம்.

பட்டை சுலபமாக உரிந்தால்தான் இதெல்லாம் நடக்கும். ஒட்டுவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே வேர்ச்செடிக்கு நன்றாகத் தண்ணீர் விடுகிறேன். நுனியில் சிவப்புத் தளிர் ஓடிக்கொண்டிருந்தால் சாறு ஏறுகிறது என்று அர்த்தம். நமக்குக் குளிர்காலம் இல்லாததால் வருடம் முழுக்க ஒட்டலாம். இந்த விஷயத்தில் ஐரோப்பாக்காரர்களைவிட நாம்தான் கொடுத்துவைத்தவர்கள்.

கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. விலை உயர்ந்த ஒட்டுக்கத்தி தேவையே இல்லை. புதிய பிளேடு போட்ட சாதாரண கட்டர் போதும், ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். பட்டையை நெம்ப ஐஸ்கிரீம் குச்சியைச் சாணை பிடித்து வைத்திருக்கிறேன். டேப் மட்டும் நல்லதாக வாங்குங்கள், நீட்டினால் தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் வகை. நான் சுங்கை பூலோ செடிக்கடைகளில் வாங்கினேன். 1930இல் தொடங்கிய தொழுநோயாளிகள் குடியிருப்பில் இருந்தவர்கள் செடி வளர்த்து விற்று உருவாக்கிய வியாபாரம் அது. அந்தப் பக்கம் போனால் அவசரமில்லாமல் சுற்றிப் பாருங்கள், உமியும் அங்கே மலிவு.

மூன்று வாரத்தில் அந்த அரை அங்குலக் காம்பை விரலால் லேசாகத் தொட்டேன். மஞ்சளாகி, தொட்டதும் உதிர்ந்தது. கண் பிடித்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை. காம்பு கறுத்துச் சுருங்கி ஒட்டிக்கொண்டே இருந்தால் கண் போய்விட்டது. அப்புறம் வேர்ச்செடியின் தலையை வெட்டவில்லை. கண்ணுக்கு மேலே இரண்டு அங்குலத்தில் பாதி வெட்டி, மடக்கி, தொட்டி விளிம்பில் கட்டிவிட்டேன். அந்த இலைகள் வேருக்குச் சோறு போட்டபடி இருக்க, கண்ணும் விழித்துக்கொள்கிறது. புதுத்தளிர் ஒரு சாண் வளரும்வரை குச்சி ஊன்றிக் கட்டி வையுங்கள், காற்றடித்தால் ஒட்டோடு பிய்ந்துவிடும். நாலு இலை வந்ததும் நுனியைக் கிள்ளினேன், இரண்டாகக் கிளைத்தது. அதில் ஒன்றின் நுனியில்தான் இந்தப் பூ.

மிஸ்டர் லிங்கனுக்குக் கரும்புள்ளி சீக்கிரம் வரும், அது தெரிந்தே எடுத்தேன். இலை ஏழு மணி நேரம்போல ஈரமாக இருந்தாலே அந்தப் பூஞ்சை உள்ளே இறங்கிவிடும். அதனால் தண்ணீர் காலையில், அடியில் மட்டும். தொட்டி இப்போது போர்ச் கூரை விளிம்புக்கு உள்ளே, காலை வெயில் படும் இடத்தில். அடியில் ஐந்தாறு இலையில் புள்ளி வந்தது, கிள்ளிக் குப்பையில் போட்டேன். மேலே சுத்தமாக இருக்கிறது.

இந்த ரகம் 1964இல் அமெரிக்காவில் வந்தது. கிறைஸ்லர் இம்பீரியலையும் சார்ல்ஸ் மல்லெரினையும் கலந்து எடுத்தது. பாப்பா மெய்யான், ஓக்லஹோமா இரண்டும் அதே பெற்றோரின் பிள்ளைகள். மூன்றும் கருஞ்சிவப்பு, மூன்றும் மணக்கும். ஓக்லஹோமா சூட்டைத் தாங்கும் என்று பெயர் வாங்கியது, அதனால் அடுத்து எனக்கு அதுதான் வேண்டும். யாரிடமாவது தாய்ச்செடி இருந்தால் பூ முடிந்த கிளை ஒன்று போதும். பதிலுக்கு வேர் விட்ட மல்டிஃபுளோரா தருகிறேன்.

அதுவரை டபுள் டிலைட் என்ற ரோஜா ரகம். அத்தை வீட்டில் அதுவும் நிற்கிறது, போனில் படம் அனுப்பினார், பூ விரிந்து முடியும் நிலை. மிஸ்டர் லிங்கன் பூத்த படத்தைப் பார்த்ததிலிருந்து, எந்தக் கிளை வேண்டும் என்று அவரே கேட்கிறார். அடுத்த வாரம் மேலே போகிறேன். ஒரே வேர்ச்செடியில் எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு கண் வைத்துப் பார்க்கப் போகிறேன், ஒன்று தவறினாலும் இன்னொன்று நிற்கும். வேர்ச்செடிகளுக்கு நேற்றிலிருந்தே தண்ணீரைக் கூட்டிவிட்டேன்.