மாணவர் குழுவுக்குச் சமூக அமைப்பைப் பொருத்துவது: ஐந்து பருவங்களில் நான் கற்றது

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது, தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு சிறிய நூலகத்துக்காக எங்கள் குழு ஒரு மொபைல் செயலியை உருவாக்கியது. ஐந்து பேர் ஒரு பருவம் (செமஸ்டர்) முழுக்க உழைத்தோம். எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, எப்போது திருப்பித் தர வேண்டும், யாருக்கு நினைவூட்டல் போக வேண்டும் எல்லாம் அதில் இருந்தன. வாய்மொழித் தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆறு மாதம் கழித்து அந்த நூலகத்துக்குப் போனேன். மேசைமேல் பழைய நீள நோட்டு விரிந்து கிடந்தது. சர்வர் கணக்கு எங்களில் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்கப்பட்டிருந்தது. இலவசக் காலம் முடிந்ததும் செயலி நின்றுவிட்டது. நூலகரிடம் கடவுச்சொல் இல்லை. யாரைக் கேட்பது என்றும் அவருக்குத் தெரியவில்லை. "நன்றாகத்தான் இருந்தது தம்பி, திடீரென்று ஒரு நாள் திறக்கவில்லை" என்றார். அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

எங்கே தவறினோம் என்று பல நாள் யோசித்தேன். நிரல் சரியாகத்தான் இருந்தது. தவறு, எங்களையும் அந்த நூலகத்தையும் சேர்த்துவைத்த நாளிலேயே நடந்திருந்தது. "மொபைல் செயலி உருவாக்கத் தெரியும்" என்று நாங்கள் படிவத்தில் எழுதியிருந்தோம். "செயலி வேண்டும்" என்று நூலகம் எழுதியிருந்தது. இரண்டு தாளும் ஒத்துப்போயின, பொருத்தம் முடிந்தது. நாங்கள் போன பிறகு அதை யார் வைத்து நடத்துவார் என்று எந்தத் தாளிலும் கேள்வி இல்லை.

அதன்பின் நான்கு பருவங்கள், ஒருங்கிணைப்புப் பேராசிரியருக்குத் துணையாக இந்தப் பொருத்தும் வேலையை நானே செய்தேன். இப்போது சேவைவழிக் கற்றல் (நூலகம், பாட மையம் போன்ற ஒரு சமூக அமைப்புக்கு வேலை செய்து, பாடத்தின் பகுதியாகவே கற்பது) புராஜெக்ட் எடுக்கப்போகும் மாணவர்களுக்கும், குழுக்களைப் பிரித்துக்கொடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று எந்த அமைப்பிடமும் கேட்காதீர்கள். கேட்டால் பெரும்பாலும் இணையதளம் என்றோ செயலி என்றோதான் பதில் வரும். அவர்கள் மேல் குற்றமில்லை. தொழில்நுட்பம் என்றதும் கண்ணுக்குத் தெரிவது அவைதானே. அதற்குப் பதிலாக, "இந்த வேலையை இப்போது எப்படிச் செய்கிறீர்கள், ஒருமுறை செய்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள்.

பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒரு மையம், வருகைப்பதிவுக்குச் செயலி வேண்டும் என்று எங்களிடம் வந்தது. நேரில் போய்ப் பார்த்தோம். பொறுப்பாளர் நோட்டில் பெயர்களுக்கு நேரே குறியிட்டு முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இதில் என்ன சிரமம் என்று எங்களுக்குப் புரியவில்லை. மாதக் கடைசியில் வந்து பாருங்கள் என்றார். போனோம். நிதி உதவி செய்யும் மூன்று தரப்புக்கு மூன்று விதமான அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. ஒருவருக்கு வயதுவாரியாக, இன்னொருவருக்கு வகுப்புவாரியாக, மூன்றாமவருக்குப் பெண் பிள்ளைகளின் வருகை மட்டும் தனியாக. அதே நோட்டை மூன்று முறை புரட்டி, கையால் கூட்டி, இரண்டு நாள் அதிலேயே போய்விடும். அந்த இரண்டு நாளும் பாடம் நடக்காது. தேவை அங்கே இருந்தது. நோட்டில் உள்ளதை ஒருமுறை ஏற்றினால் மூன்று அறிக்கையும் தானாக வந்துவிழும் எக்ஸெல் கோப்பு ஒன்று போதும்.

அந்த மையத்துக்குப் பொருத்திய மாணவர் குழுவின் முகம் வாடிப்போனது எனக்கு நினைவிருக்கிறது. "எக்ஸெல் கோப்பைக் காட்டினால் மதிப்பெண் கிடைக்குமா?" என்றார்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் மாணவரில்லை, பாடத்தை நடத்துபவர். தேவையை எப்படிக் கண்டறிந்தார்கள், எதை வேண்டாம் என்று விட்டார்கள், எப்படிச் சோதித்தார்கள், பயன்படுத்துபவருக்கு எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்பவற்றுக்கு மதிப்பெண் இருக்க வேண்டும். எத்தனை திரை, எந்த நிரல்மொழி என்பவற்றுக்கே முழு மதிப்பெண்ணும் போனால், மாணவர்கள் தேவையில்லாததைப் பெரிதாகக் கட்டத்தான் செய்வார்கள். எங்கள் பேராசிரியரிடம் இதைப் பேசி மதிப்பீட்டுத் தாளை மாற்றவைக்க ஒரு பருவம் பிடித்தது. உங்கள் துறையிலும் பொருத்தம் பார்ப்பதற்கு முன்பே இந்தப் பேச்சை முடித்துவிடுங்கள்.

சேவைவழிக் கற்றல் என்ற கருத்தை வளர்த்தவர்களில் ஒருவரான ராபர்ட் சிக்மன் 1979-இல் மூன்று கொள்கைகளை முன்வைத்தார். சேவையைப் பெறுபவரே அது எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். சேவைக்குப் பின் அவர் தன் காலில் நிற்கும் திறன் கூடியிருக்க வேண்டும். சேவை செய்பவரும் கற்பவரே, தான் கற்பதைத் தீர்மானிப்பதில் அவருக்கும் பங்கு வேண்டும். இதைப் படித்தபோது எங்கள் நூலகச் செயலி இரண்டாவது கொள்கையில் தோற்றது என்று புரிந்தது. நூலகரின் திறன் கூடவில்லை. எங்களை நம்பியிருக்க வேண்டிய நிலைதான் கூடியிருந்தது.

இனி, பொருத்தும் முறை. கணினித்துறைக்காரர்களான எங்களுக்கு இதை ஒரு கணக்காகப் பார்க்கும் ஆசை வந்தது இயல்புதான். கணிதவியலாளர்கள் டேவிட் கேலும் லாயிட் ஷேப்லியும் 1962-இல் கல்லூரிச் சேர்க்கையையும் திருமணத்தையும் எடுத்துக்காட்டாக வைத்து எழுதிய கட்டுரையை வகுப்பில் படித்திருந்தோம். இரு தரப்பும் தங்கள் விருப்பங்களை வரிசைப்படுத்தினால், ஒருவரை விட்டு இன்னொருவரோடு போய்ச் சேர இரு பக்கமும் விரும்பும் சோடி ஒன்றுகூட இல்லாதபடி பொருத்திவிடலாம் என்று அவர்கள் நிறுவினார்கள். இந்த வழியில் நடந்த ஆய்வுகளுக்காகத்தான் ஷேப்லிக்கும் பொருளாதார அறிஞர் ஆல்வின் ராத்துக்கும் 2012-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. நாங்களும் குழுக்களிடமும் அமைப்புகளிடமும் விருப்பப் பட்டியல் வாங்கி, அந்த முறையை நிரலாக எழுதி ஓட்டினோம். எல்லாக் குழுவுக்கும் முதல் விருப்பமோ இரண்டாம் விருப்பமோ கிடைத்தது. ஆனாலும் அந்தப் பருவத்தில் இரண்டு குழுக்கள் பாதி வழியில் முறிந்தன.

கணக்கில் பிழையில்லை, அதற்குக் கொடுத்த பட்டியலில்தான் பொருள் இல்லை. மாணவர்கள் அமைப்பின் பெயரையும் தலைப்பையும் பார்த்து வரிசைப்படுத்தியிருந்தார்கள். விலங்குகள் காப்பகம் என்றால் எல்லோருக்கும் பிடிக்கும், கணக்குப் பதிவு என்றால் யாருக்கும் பிடிக்காது. அமைப்புகளின் பட்டியலோ அதைவிட மோசம். ஒரு குழுவையும் முன்பின் பார்த்திராதவர்கள், வேறு வழியின்றிக் குழுப் பெயர்களின் அகர வரிசையையே விருப்ப வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அடுத்த பருவம் ஒரு முற்பகல் முழுவதையும் இதற்கென ஒதுக்கினோம். ஒவ்வோர் அமைப்பிலிருந்தும், வேலையை அன்றாடம் கையால் செய்பவர் ஒருவரை அனுப்பச் சொன்னோம். தலைவர் வந்தால் மகிழ்ச்சி, ஆனால் அவர் மட்டும் வந்தால் போதாது. ஒவ்வொரு குழுவும் ஒவ்வொருவரோடும் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பேசியது. அதற்குப் பிறகே இரு தரப்பிடமும் விருப்பப் பட்டியல் வாங்கினோம். நாங்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக வரிசைகள் தலைகீழாயின. யாரும் சீண்டாத கணக்குப் பதிவு வேலைக்கு மூன்று குழுக்கள் போட்டியிட்டன. காரணம், வந்திருந்த அம்மா தன் சிரமத்தை அவ்வளவு தெளிவாக எடுத்துச் சொன்னார். அதே பழைய நிரலைத்தான் மறுபடி ஓட்டினோம். இம்முறை ஒரு குழுகூட முறியவில்லை.

குழுவை அமைப்பதிலும் ஒரு வார்த்தை. நன்றாக நிரல் எழுதும் நண்பர்கள் நான்கு பேர் ஒன்றாகச் சேர்ந்தால் வலுவான குழு என்று தோன்றும். எதிரே இருப்பவர் பேசுவதைப் பொறுமையாகக் கேட்டு எழுதிவைக்கும் ஒருவர் அதில் இல்லாவிட்டால், அந்த வலு வீண். பயன்படுத்தப்போகிறவர்கள் பேசும் மொழி குழுவில் ஒருவருக்காவது சரளமாக வர வேண்டும். இடத்தின் தூரத்தையும் பாருங்கள். போக வர அரைநாள் பிடிக்கும் இடத்துக்கு இரண்டாவது மாதத்திலிருந்து ஒருவரும் போகமாட்டார்கள்.

நாட்காட்டி இன்னொரு பெரிய சிக்கல். பதினைந்து வாரப் பருவத்தில் பொருத்தத்துக்கு இரண்டு வாரம், இடைத்தேர்வுகளுக்கு இரண்டு வாரம், கடைசி அறிக்கைக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் இரண்டு வாரம் போனால் கையில் நிற்பது ஒன்பது வாரம். அமைப்புக்கும் ஆண்டுக்கணக்கு முடிக்கும் மாதம் போல மூச்சுவிட நேரமில்லாத நாட்கள் உண்டு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சந்திப்பே நடக்காது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1995-இல் தொடங்கிய, மாணவர் குழுக்கள் சமூக அமைப்புகளுக்காகப் பொறியியல் வேலை செய்யும் எபிக்ஸ் திட்டம் இந்தச் சிக்கலை வேரிலேயே அணுகியது. அங்கே ஓர் அமைப்போடு ஏற்படும் உறவு பருவத்தோடு முடிவதில்லை, ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. ஒரே குழுவில் முதலாண்டு மாணவரும் இறுதியாண்டு மாணவரும் இருப்பார்கள். மூத்தவர் போனாலும், வேலையை அறிந்த இளையவர் குழுவில் இருப்பார். அந்தத் திட்டத்தை உருவாக்கி வளர்த்தவர்களுக்கு 2005-இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்தின் கார்டன் பரிசு கிடைத்தது. உங்கள் கல்லூரியில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லையென்றால், ஒன்பது வாரத்தில் முழுதாக முடிந்து, அதற்குமேல் ஒன்றும் சேர்க்காவிட்டாலும் பயன்படும் ஒரு துண்டை மட்டும் எடுங்கள். பாதிக் கட்டடத்தை விட்டுவிட்டு வராதீர்கள்.

மறுக்கவும் தெரிய வேண்டும். ஒருநாள் நின்றுபோனால் யாருக்காவது தீங்கு வரும் எதையும் மாணவர் குழு ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான முடிவு. மருந்து வழங்கும் நேரம், அவசர உதவி அழைப்பு, பணப் பரிமாற்றம் எல்லாம் இதில் அடங்கும். பிள்ளைகள், நோயாளிகள் பற்றிய உண்மைத் தரவை மாணவரின் மடிக்கணினிக்கு அனுப்பவே கூடாது. அதே வடிவத்தில் கற்பனைப் பெயர்களை நிரப்பி வேலை செய்யுங்கள். ஊதியம் கொடுத்து ஆள் வைத்துச் செய்துவந்த வேலையை இலவசமாக முடித்துக்கொள்ளப் பார்க்கும் இடத்தையும் தவிர்த்துவிடுங்கள். தொடர்புக்கு ஒரே ஒருவர்தான், அவரும் விரைவில் வேலையை விட்டுப் போகப்போகிறார் என்று தெரிந்தால், அடுத்த பருவம் வாருங்கள் என்று பணிவாகச் சொல்லுங்கள்.

பொருத்தம் முடிந்த வாரமே ஒரு பக்க ஒப்புதல் தாள் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுவது நல்லது. என்ன செய்வோம், என்ன செய்யமாட்டோம், அமைப்பில் தொடர்புக்குரிய இருவர் யார், நிரல் யாருக்குச் சொந்தம், பருவம் முடிந்த பின் பழுது வந்தால் யாரைக் கேட்பது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, டொமைன் (இணையப் பெயர்), சர்வர், மின்னஞ்சல் எனத் தொடங்கும் ஒவ்வொரு கணக்கும் முதல் நாளிலிருந்தே அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும். மாணவர் அதில் விருந்தாளியாக நுழைந்து வேலை செய்யலாம். எங்கள் நூலகச் செயலியை இந்த ஒரு வரி காப்பாற்றியிருக்கும்.

மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. ஒவ்வொரு சந்திப்பு முடிந்த அன்று இரவே, "நாங்கள் புரிந்துகொண்டது இது, சரிதானா?" என்று பத்து வரி எழுதி அமைப்புக்கு அனுப்புங்கள். மூன்றில் ஒரு தடவையாவது "இல்லை, நான் சொன்னது வேறு" என்று பதில் வந்ததைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கடிதங்களைத் தேதிவாரியாகக் கோத்துவைத்தால் பருவ இறுதியில் உங்கள் அனுபவக் குறிப்பேடு தயார். வாய்மொழித் தேர்வில் "ஏன் இதைக் கட்டினீர்கள்?" என்று கேட்டால் அதையே எடுத்துக் காட்டலாம்.

பன்னிரண்டாவது வாரத்தில் ஒரு சோதனை வையுங்கள். அமைப்பின் ஆள் கணினி முன் உட்கார்ந்து வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தானே செய்ய வேண்டும். குழு பின்னால் நின்று பார்க்கலாம், வாய் திறக்கக் கூடாது. அவர் தடுமாறும் ஒவ்வோர் இடத்தையும் குறித்துக்கொண்டு, மீதமிருக்கும் வாரங்களில் அவற்றை மட்டும் சரிசெய்யுங்கள். பாட மையத்தில் இந்தச் சோதனையின்போது பொறுப்பாளர் நான்கு இடங்களில் நின்றுவிட்டார். நான்கும் சரியாயின.

அந்தப் பருவம் முடிந்து மூன்று மாதம் கழித்து அவரிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்தேன். நான்காவதாக ஒருவர் நிதி தர முன்வந்திருக்கிறார், அவர் கேட்ட அறிக்கைக்காகக் கோப்பில் தானே ஒரு நெடுவரிசையைச் சேர்த்துவிட்டதாகவும், கூட்டல் சரியாக வருகிறதா என்று ஒரு பார்வை பார்க்க முடியுமா என்றும் கேட்டார். திறந்து பார்த்தேன். சரியாகவே வந்திருந்தது.