காபித்தூள் எவ்ளோ நைஸா இருக்கணும்?

நல்ல கொட்டையா தேடி வாங்கிட்டு அரைக்கிறதுல கோட்டை விட்டா அந்தக் காசு மொத்தமும் வேஸ்ட். எந்த முறைல போட்டாலும் முதல்ல பாக்க வேண்டியது, தண்ணி அந்தத் தூளோட எவ்ளோ நேரம் இருக்கப் போகுதுங்கிறதுதான். கொஞ்ச நேரம்னா நைஸ் அரவை, ரொம்ப நேரம்னா கொரகொரப்பு. நைஸா அரைக்க அரைக்க தண்ணி படுற பரப்பு கூடும், சாரமும் சீக்கிரம் இறங்கிடும்.

எஸ்பிரெசோல, அதாவது மெஷின் வெந்நீரைத் தூள் வழியா அழுத்தித் தள்ளுற முறைல, 9 பார் பிரஷர்ல 25-30 செகண்டுக்குள்ள வேலை முடிஞ்சுடும், அதனால நல்ல நைஸ் வேணும், அதுக்காக ஓவரா போனா தண்ணி எங்கயாவது ஒரு சந்து கண்டுபிடிச்சு அது வழியாவே ஓடிரும், அப்புறம் ஒரே கப்புல புளிப்பும் கசப்பும் சேர்ந்து வரும். அடுப்புல வச்சு ஆவி அழுத்தத்துல காபி இறக்குற மோக்கா பாட்டுக்கு (moka pot) அதைவிட கொஞ்சம் கொரகொரப்பு, தூளை அழுத்தவும் கூடாது. தூளை ஊறவச்சு சல்லடையால அழுத்தி வடிக்கிற பிரெஞ்சு பிரஸ் 4 நிமிஷம் ஊறுது, பச்சைத் தண்ணில போடுற கோல்ட் ப்ரூ 12 மணி நேரத்துக்கு மேல ஊறுது, ரெண்டுக்குமே விரல்ல எடுத்தா கல் உப்பு மாதிரி நறநறன்னு தட்டுப்படணும்.

அரவையோட அருமை நல்லா தெரியுறது போர் ஓவர்லதான், அதாவது ஃபில்டர்ல தூளைப் போட்டு மேல வெந்நீர் ஊத்தி வடிக்கிற முறைல. 15 கிராம் தூளுக்கு 250 கிராம் தண்ணி ஊத்துறீங்கன்னா சுமார் 3 நிமிஷத்துல வடியணும். ஒன்றரை நிமிஷத்துலயே வடிஞ்சு, குடிச்சா சப்புன்னு புளிப்பா இருந்தா இன்னும் நைஸா அரைங்க. தண்ணி இறங்காம தேங்கி நின்னு, ஃபில்டர்ல தூள் சேறா படிஞ்சு, குடிச்சதும் நாக்கு வறண்டு போச்சுன்னா கொரகொரப்பா மாத்துங்க. ஆனா அரவையை மட்டும் மாத்துங்க, தூள் அளவு தண்ணி சூடு எல்லாத்தையும் சேர்த்து மாத்துனா எதனால ருசி மாறுச்சுன்னே தெரியாது.

இன்னொன்னு, அரவை சைஸ் எவ்ளோ முக்கியமோ அது ஒரே சீரா இருக்குறதும் அவ்ளோ முக்கியம். பிளேடு கிரைண்டர்ல அரைச்சதை வெள்ளைப் பேப்பர்ல கொட்டிப் பாருங்க, பாதி தூசி, பாதி குருணை. தூசி கசக்கும், குருணை புளிக்கும், நடுவுல கொட்டையோட ருசி காணாமப் போயிடும். அதனால காபி மெஷினுக்கு செலவு பண்றதுக்கு முன்னாடி, ரெண்டு பல் சக்கரத்துக்கு நடுவுல கொட்டையை ஒரே சீரா அரைக்கிற ஒரு நல்ல பர் கிரைண்டர் வாங்குங்கன்னுதான் சொல்வேன், கைல சுத்துறதா இருந்தாக்கூட போதும்.

கொட்டை மாறுனா கிரைண்டர் செட்டிங்கும் மாறும். லைட் ரோஸ்ட்ல சாரம் லேசுல இறங்காது, கொஞ்சம் நைஸா வைங்க, டார்க் ரோஸ்டுக்கு ஒண்ணு ரெண்டு கிளிக் (செட்டிங்ல ஒரு படி) கொரகொரப்பா.